கல்பனாவின் சருகுக்குழி

எங்கள் தெருவில் இப்போது யாரும் சருகைக் கொளுத்துவதில்லை. கோயில் மலைக்குப் போகிற வழியில் இப்படி ஒரு தெரு இருக்கிறதென்றால் அதற்கு என் மருமகள் கல்பனாதான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள், மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

கல்பனா பள்ளிப்பட்டுக்காரி. அவள் நைனா, அதான் அப்பா, தறி நெய்கிறவர். அவள் கல்யாணமாகி வந்தபோதே எங்கள் கொல்லையில் மாமரமும் வேம்பும் முருங்கையும் நின்றன. காலையில் பெருக்கினால் கூடை கூடையாகச் சருகு சேரும். தெருவில் எல்லோரையும் போல நானும் வாசலில் குவித்து நெருப்பு வைப்பேன். பேத்தி ஷாலினி பிறந்த பிறகு அந்தப் புகையில் குழந்தைக்கு இளைப்பு வந்துவிட்டது. கல்பனா என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இது அடுப்புக்கு மட்டும்தான், அத்தை."

"அப்போ இம்மாம் சருகையும் தலையில கட்டிக்கினு சுத்துவியா?"

"குழி வெட்றேன்."

வெட்டினாள். கொல்லைக் கடைசியில், வேலியில்லாத பக்கம், சந்தோரமாக இடுப்பளவு ஆழம். சருகு ஒரு அடுக்கு, அதன்மேல் சாணித் தண்ணீர், பிறகு கொஞ்சம் மண். கழித்த கிளையை அரிவாளால் பொடிப்பொடியாகத் தறித்துப் போடுவாள். விதை பிடித்த களையைக் கிட்டவே விடமாட்டாள். முதலில் சிரித்த அக்கம்பக்கத்தார், பிறகு தங்கள் வீட்டுச் சருகையும் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்த கையோடுதான் வம்பு வந்தது. குழியில் நாற்றம். எலிகள் ஓடின. ஒரு காலையில் எதிர்வீட்டுக் கஜபதி சந்தில் போகும்போது குழியிலிருந்து ஒரு பாம்பு வெளியே வந்தது. அவர் காவடிக்காரர்களுக்கு வருஷம் தவறாமல் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிற மனிதர். அவர் குரல் கொடுத்தால் தெருவே கூடும். கூடியது.

"குழியா இது, பாம்புப் புத்து! பெட்ரோல ஊத்திக் கொளுத்திட்டு மண்ணைத் தள்ளி மூடிடலாம்" என்றார் கஜபதி.

"ஆங், மூடிடலாம்" என்று பத்துக் குரல். நேற்றுவரை அதில் சருகு கொட்டியவர்கள்தான்!

கல்பனா மண்வெட்டியோடு குழிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கொளுத்த வேணாம், மாமா. உங்க முன்னாடியே கிளறிக் காட்றேன். எம்மேல தப்புன்னா நானே மூடிடறேன்."

உண்மையிலேயே தப்பு அவள்மேல் என்றால், இத்தனை பாடும் அன்றோடு போச்சு.

மேலே இருந்த சருகை ஒதுக்கினாள். அடியில் கத்தை கத்தையாக வாழை இலைகள். சோறு கூழாகிக் கிடந்தது. நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அண்டைவீட்டு எல்லம்மாள் மட்டும் குனிந்து பார்த்தாள். கஜபதி பெண்டாட்டியின் தங்கை அவள். வாய் சும்மா இருக்காது.

"பாவா, சோறு கரைஞ்சிட்டாலும் வேர்க்கடலை அப்டியே கீது பாரு. வேர்க்கடலை போட்ட புளியோதரை என் பந்தல்ல மட்டும்தான்னு சொல்லிக்கினு திரிஞ்சது யாரு?"

தெரு சிரித்தது. கஜபதி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எலயும் எலதானேம்மா... உன் குழிக்குத் தீனியாச்சேன்னு பந்தல் பசங்ககிட்ட நான்தான் போடச் சொன்னேன்."

கல்பனா மறுபடி மண்வெட்டியைக் குழியில் இறக்கினாள். இன்னும் ஆழமாக வெட்டினாள். பழைய அடுக்கிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி அவரிடம் நீட்டினாள். காப்பித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தது. கஜபதி தயங்கித் தயங்கி மோந்தார்.

"மழை பேஞ்ச வாசனைதாம்மா வருது."

"எல போடுங்க மாமா, வேணாங்கல. சோத்த வழிச்சு மாட்டுக்கு வெச்சிட்டுப் போடுங்க. டம்ளரைத் தனியா கட்டிக் குப்பை வண்டில குடுங்க. சோறு இல்லன்னா எலி வராது. எலி இல்லன்னா சாரைப்பாம்புக்கு இங்க இன்னா வேலை?"

யாரும் பெட்ரோலைப் பற்றி அப்புறம் பேசவில்லை. சோறு கிடந்த இலைகளைக் கல்பனா கிளறிப் பரப்பி, காய்ந்த சருகும் மண்ணும் போட்டு மூடினாள். சருகு சுமந்து கொடுத்தவர்களில் கஜபதியும் ஒருவர்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். பந்தல் ஓரத்தில் கஜபதி வாளியோடு நின்றுகொண்டு, மஞ்சள் வேட்டி கட்டிய காவடிக்காரர்களைக்கூட விடவில்லை. "சாமி, சாமி! எலய அப்டியே மடிச்சிட்டுப் போவாதீங்க. சோத்த இதுல வழிச்சிட்டுப் போங்க! எங்க தெருக் குழிக்குச் சோறு ஆவாது!"

எங்கள் தெருக் குழியாம்!

அடுத்த வாரமே தன் எலுமிச்சைச் செடிக்கு இரண்டு மூட்டை எரு கேட்டு வந்து நின்றார். கல்பனா சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தாள். நானாயிருந்தால் ஒரு மூட்டைதான் கொடுத்திருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.