மாமாவுக்காக நான் மறைத்தது

கடலிலிருந்து நெட்டுக்குப்பம் திரும்பும்போது, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை வைத்துத்தான் முகத்துவாரத்துக்குப் படகைத் திருப்புவோம். முப்பது வருஷமாகப் படகோட்டும் என் அக்கா கணவர் அதில் தடுமாற ஆரம்பித்தார். கூட வந்தவர்கள் சிரிப்பார்களே என்று, நான் அவர் காதோரம் வழி சொல்லி மறைத்தேன்.

வீட்டிலும் அவர் மறப்பதைக் கவனித்த அக்கா விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"மறதி எப்போலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"மறதியா? எனக்கா?" என்ற மாமா, என்னைப் பார்த்தார்.

நான் டாக்டரிடம் சொன்னேன்: "ஆறு மாசமா கீது சார். நான்தான் மறைச்சுகினு இருந்தேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இன்னும் டிமென்ஷியாங்கிற முழு மறதி நோயா ஆகல. பிரஷர் அதிகமா இருக்கு, அதைக் கட்டுப்படுத்தினா தள்ளிப்போடலாம். ஆனா எதையும் மறைக்காதீங்க."

இப்போது படகில் எல்லார் முன்னாலும் மாமா கேட்கிறார்: "டேய், எந்தப் பக்கம்டா திருப்பணும்?"

அவர் கேட்காத நாளில்தான் நான் புகைபோக்கிகளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன். ஞாபகம் இருக்கிறதா, மறைக்கிறாரா?