உள்ளே கதவில்லாத வீடு

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு முடிகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தங்கை என் தலையில் கட்டிவிட்டாள். இப்படிப்பட்ட மலர்களில் குலவிளக்கு, தியாகச் சுடர் என்றெல்லாம் எழுதுவார்கள். எழுதினால் அக்காவுக்குப் பொருந்தாமல் போகாது. ஆனால் இதைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவர் கட்டிய வீட்டில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே அந்த வீட்டைப் பற்றியே எழுதுகிறேன். அக்காவின் கடைசி எட்டு வருடமும் இதற்குள்தான் போயிற்று.

அக்கா மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் நீளமான ஒரு லயத்தில் பிறந்தார். அதில் எங்களுக்கு ஓர் அறை, ஒரே காம்பிராவில் அப்பா, அம்மா, அக்கா, நான், தங்கை என்று ஐந்து பேர். எனக்கும் அக்காவுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா மஞ்சள் காமாலையில் போனார். இரண்டு வருடத்தில் அம்மாவும் போனார். பதினேழு வயதில் அக்கா தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் எங்களுக்கு ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, மூடி வைத்துவிட்டுப் போவார். மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "இவங்க ரெண்டு பேரும் ஒரு நெலைக்கு வரட்டும்" என்று திருப்பி அனுப்பினார். நாங்கள் ஒரு நிலைக்கு வந்தபோது கேட்டு வர யாரும் இல்லை.

அக்கா அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவதைப் பார்த்தால் நானும் தங்கையும் மெல்ல வெளியே போய்விடுவோம்.

தங்கையை நோட்டன் பிரிட்ஜில் கட்டிக் கொடுத்தார். நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனேன். அக்கா ஓய்வு பெற்றபோது எங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் பெயர் உள்ள ஆள் ஒருவரும் இல்லை. பெயர் இல்லாதவர்கள் காம்பிராவை என்றாவது ஒருநாள் விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் உடனே போகச் சொல்லவில்லை. ஆனால் எப்போது காலி செய்வீர்கள் என்று அடிக்கடி கேட்டார்கள். அப்போதுதான் அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"தம்பி, எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். ஒரு வீடு வேணும். நீயும் அவளும் வந்தா தங்கணும். நான் லயத்துல சாகக் கூடாது."

அக்கா தன் வாழ்நாளில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

சேவைக்காலப் பணத்தில் பூண்டுலோயாப் பக்கம் இருபது பேர்ச்சஸ், அதாவது அரைக்கால் ஏக்கர், மரக்கறித் தோட்டம் வாங்கினார். விற்றவர் ஒரு சிங்கள விவசாயி. பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டதால் பராமரிக்க ஆள் இல்லை என்று நியாயமான விலைக்குக் கொடுத்தார். நல்ல கறுப்பு மண். லீக்ஸ், கரட், கோவா எது போட்டாலும் வரும்.

சிக்கலும் அந்த மண்ணில்தான் இருந்தது. காணி வாங்கியதோடு கையிலிருந்தது தீர்ந்துவிட்டது. இனி வீடு கட்டப் பணம் தர வேண்டியதும் அந்த நிலம்தான், வீடு ஏறி உட்கார வேண்டியதும் அந்த நிலத்தின் மேல்தான். வீட்டை ஓர் அடி கூட்டினால் ஒரு பாத்தி போய்விடும். பாத்தி போனால் சீமெந்துக்கு வழியில்லை. அக்கா இதைக் காகிதமும் பென்சிலும் இல்லாமல் புரிந்துகொண்டார். நான் கொழும்பிலிருந்து ரூபாய்க் கணக்குப் பேசினால் அவர் போகக் கணக்குப் பேசுவார்.

"அத்திவாரத்துக்கு லீக்ஸ் ரெண்டு போகம். சொவருக்கு கரட் மூணு போகம். கூரைக்கு நீ பாரு."

அப்படியெல்லாம் நடக்கவில்லை. லீக்ஸ் விலை விழுந்தது. ஒரு போகத்துக்குப் பசளை கிடைக்கவில்லை. சீமெந்து விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. அத்திவாரத்துக்கே நாலு போகம் போனது. அக்கா சலித்துக்கொள்ளவில்லை. நான்தான் சலித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் எவ்வளவு கேட்கப் போகிறாரோ என்று பயந்துகொண்டே எடுப்பேன். இன்று அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

வீட்டை எங்கே வைப்பது என்பதை மழையும் சரிவும் முடிவு செய்தன. மண் சரியுமா என்று பார்க்க வந்த அதிகாரிகள் மேல்விளிம்பில் இருந்த ஒடுங்கிய சமதரைத் தட்டில் மட்டும்தான் கட்டலாம் என்றார்கள். அக்காவுக்கு அதுவே சரியாகப்பட்டது. நல்ல மண் ஒரு பிடி கூட வீணாகாது. அந்தத் தட்டின் நீளத்துக்கு வரிசையாக மூன்று அறை, முன்னால் நீளமாய் இஸ்தோப்பு என்கிற திறந்த தாழ்வாரம், நடு அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல், அதிலிருந்தே நுழையும் அடுப்படி. குச்சி நட்டுக் கயிறு கட்டினார். முதல் அறை அக்காவுக்கு, நடு அறை எனக்கு, கடைசி அறை தங்கை வந்தால் தங்க. ஒவ்வோர் அறைக்கும் வெளியே திறக்கும் ஒரு கதவு. அறைக்கு அளவு பத்துக்குப் பன்னிரண்டு. ஏன் அந்த அளவு என்று கேட்டேன்.

"வேற அளவு எனக்குத் தெரியாதே தம்பி."

கயிறு கட்டியதைத் தங்கை போனில் படம் எடுத்து அனுப்பினாள். நான் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று பதிலும் போட்டேன்.

கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் பீம் போட்ட வாரம் லீவில் வந்திருந்தேன். வீடு கட்டிய கொத்தனாரை எல்லாரும் பாஸ் என்போம்; பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வேலை முடிந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, மூணு வீட்டுக்கும் ஆள் வந்தாச்சா? வாடகை எவ்வளவு?"

"வாடகைக்கு இல்ல பாஸ். நாங்க இருக்கத்தான்."

பாஸ் மூன்று கதவையும் ஒருமுறை பார்த்தார். "எல்லாம் ஒரே வீடா? அப்ப இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்கு எப்படிப் போறது?"

அக்கா சுவரின் பக்கம் திரும்பினார். பாஸ் நல்ல மனிதர், மேலே ஒன்றும் கேட்காமல் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். அறைக்கும் அறைக்கும் நடுவே முழுச்சுவர். உள்ளே ஒரு கதவு வைக்க வேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை, படத்தைப் பார்த்துத் தலையாட்டிய எனக்கும் தோன்றவில்லை, தங்கைக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காம்பிரா, முன்னால் ஒரு கதவு. பக்கத்துச் சுவருக்கு அப்பால் வேறு குடும்பம் இருக்கும். வேறு மாதிரி வீட்டில் நாங்கள் ஒருநாளும் குடியிருந்ததில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்றைக்கும் வந்தது.

"லயத்த விட்டு வர்றதுக்கு இவ்வளவு பாடுபட்டு, இங்க வந்து ஒரு லயத்தையே கட்டி வச்சிருக்க."

அக்கா பாத்திரம் கழுவப் போனார். சாயங்காலம் வரைக்கும் கழுவினார். பிறகு வந்து, "ஒடைச்சா மேல இருக்குறது எறங்கிரும். இன்னொரு போகம் அதுக்கே போயிரும். மொதல்ல கூரையப் போடுவோம், கதவு பொறகு பாத்துக்கலாம்" என்றார். சரி என்றேன். சுவரை உடைத்தால் என்ன ஆகும், எவ்வளவு செலவாகும் என்று பாஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீடு கட்டத் தெரியாமல் கட்டிவிட்டார்கள் என்று சிரிப்பாரோ என்ற வெட்கத்தில் இரண்டு பேரும் கேட்கவில்லை.

கூரை ஏறியது. அக்கா காம்பிராச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். நாட்டில் நெருக்கடி வந்த வருடம் என் கடையும் மூடிவிட்டது. நான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடு அறைக்கு வந்து சேர்ந்தேன். உள் கதவு அக்காவின் திட்டத்தில் எப்போதும் அடுத்த போகத்தில் இருந்தது. முதலில் தண்ணீர்த் தொட்டி வந்தது. பிறகு மலசலகூடம். பிறகு ஒரு மழையில் வீட்டின் பின்னால் மண் இறங்கி, அந்த வருடத்தின் இரண்டு போகத்தையும் கல் அணை தின்றது. அக்காவுக்குச் சோறு கொண்டுபோக வேண்டுமானால் அடுப்படியிலிருந்து என் அறை, இஸ்தோப்பு, பிறகு அவர் கதவு. மழைச்சாரலில் இஸ்தோப்பு முழுக்க நனைந்திருக்கும். எதையாவது சொல்ல வேண்டுமானால் டம்ளரால் சுவரில் தட்டுவார். லயத்தில் பக்கத்துக் காம்பிராவைக் கூப்பிடுவதும் அப்படித்தான். மூன்று வருடம் தட்டினார்.

போன வருடம் அக்காவின் நெஞ்சில் நீர் கோத்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள், நன்றாகக் கவனித்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். ஒரு பகல் நல்ல மழை. அக்கா சுவரில் தட்டினார். நான் கீழே கரட் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தட்டித் தட்டிப் பார்த்து, தானே எழுந்து வர முயன்று, வாசற்படியில் வழுக்கி விழுந்து கிடந்தார். நான் மேலே வந்து பார்த்தபோது சேலையெல்லாம் ஈரம். குடிக்கச் சுடுதண்ணீர் கேட்கத்தான் எழுந்தாராம்.

மறுநாள் காலை கனத்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு என் அறைச் சுவரின் முன் நின்றேன். மேலே இருப்பது இறங்கினாலும் இறங்கட்டும் என்ற வெறி. மனைவி பயந்து பாஸை அழைத்துவிட்டாள். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"பயப்படாத மல்லி. லிண்டல் பீம் ஒரே நீளத்துக்கு ஓடுது. கீழ ஒடைச்சா ஒண்ணும் ஆகாது. நீங்க மனச மாத்தி வாடகைக்கு விடப் போறீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே ஒடைச்சுத் தந்திருப்பேனே."

காலையில் தொடங்கினோம். பகல் சோற்றுக்கு முன் இரண்டு சுவரிலும் வழி விட்டாயிற்று. அவ்வளவுதான் வேலை. ஒரு போகம் போகும் என்று மூன்று வருடம் தள்ளிவைத்த வேலைக்கு அரை நாளும் ஒரு மூட்டை சீமெந்தும் போதுமாக இருந்தது. பாஸ் கூலி வாங்கவில்லை. நான் கொல்லைப்புறம் போய் நின்று அழுதேன்.

அக்காவின் கட்டிலை வழிக்கு நேரே இழுத்துப் போட்டோம். தலையணையில் சாய்ந்து பார்த்தார். நடு அறையில் மகள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கப்பால் தங்கையின் அறை, அதன் ஜன்னல், ஜன்னலில் வெளிச்சம். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டு பெரிய வீடா தம்பி இது?"

பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "பால் பொங்குது பாரு, அடுப்பக் கொறைக்கச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து கட்டிலில் இருந்தபடியே வீட்டை நடத்தினார். உப்புப் போட்டாச்சா, பிள்ளைக்குத் தலை வாரியாச்சா, யார் வந்திருக்கிறது, ஏன் கதவு திறந்து கிடக்கிறது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து தங்கை வந்து கடைசி அறையில் தங்கினாள். அவள் குறட்டை இங்கே கேட்கிறது என்று அக்கா குறை சொன்னார். பத்தொன்பதாம் நாள் காலை, நாங்கள் எல்லாரும் கண்ணெதிரே இருக்கும்போதே கண்ணை மூடினார்.

அக்காவைத் தூக்கிச் சுமந்த தோட்டத்து உறவுகளுக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாளும் சமைத்து அனுப்பிய கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும், ஆஸ்பத்திரியில் அன்பாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், காணி தந்த பெரியவருக்கும், பாஸுக்கும், அக்காவைத் தன் தாயைப் போல் குளிப்பாட்டிய என் மனைவிக்கும் எங்கள் நன்றி. நீங்கள் எல்லாரும் கேட்காமலே உதவியவர்கள். கேட்க வேண்டியதை நாங்கள்தான் கேட்காமல் இருந்தோம்.

லயத்தை விட்டுக் காணி வாங்கி வீடு கட்டப் போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். இதைப் படித்தால், தெரியாததை வெட்கப்படாமல் யாரிடமாவது கேளுங்கள். அக்கா இந்த வீட்டில் மூன்று வருடம் இருந்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் அக்கா சொந்த வீட்டில் வாழ்ந்தது பத்தொன்பது நாள்.