துணிக் கிளிப் போட்ட பக்கங்கள்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, பிச்சாவரம் பக்கத்தில் நான் டீச்சராக இருந்த தொடக்கப் பள்ளிக்கு, எய்ட்ஸ் பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்க ஒருவர் கடலூரிலிருந்து மொபெட்டில் வந்தார். ஒல்லியான ஆள், ஹெல்மெட்டில் அமுங்கிய தலைமுடி. யார் என்ன கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அவர் கொண்டுவந்த பெரிய படப் புத்தகத்தைத் தலைமையாசிரியரும் நானும் முதலில் புரட்டிப் பார்த்தோம். மூன்று பக்கங்களைச் சேர்த்துத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிக் கொடுத்தோம். நாலாம் வகுப்பில் பண்பாட்டைக் காப்பாற்ற அது போதும்.

“பரவால்ல டீச்சர்” என்றார். வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கியபோதும் கிளிப்பைத் தொடவே இல்லை.

“அது ரத்தத்துல இருக்கிற ஒரு கிருமி. பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து புள்ளைக்கும் வரலாம். அது யாரு தப்பும் இல்ல. மாத்திரை போட்டா அடங்கிக் கெடக்கும். தொட்டா வராது, ஒண்ணா உக்காந்து சாப்புட்டாலும் வராது.”

முன்வரிசைப் பெண் எழுந்தாள். “அப்ப கலாவ மட்டும் ஏன் சார் தூண்கிட்ட தனியா உக்கார வெச்சு சோறு போடுறாங்க?”

கலாவின் அப்பா அந்த நோயில் போனதும் அவளை அங்கே உட்காரவைத்தது நான்தான். முன்னெச்சரிக்கையாம்.

அவர் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். “அதுக்கு என் புத்தகத்துல பக்கம் இல்ல பாப்பா. உங்க டீச்சரக் கேளு.”

நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. கழற்றித் துடைக்க என்னிடம் ஒரு கண்ணாடிகூட இல்லை.