அலூய் அழுததாகச் சொன்ன படம்

ஹோங் அலூய் அழுது நான் பார்த்ததில்லை. புடாய் சந்தையில் என் முள்ளங்கிப் பணியாரக் கடையும் அவளுடைய மீன் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கின்றன. அவள் அப்பா செத்த அன்றுகூட கண் கலங்காமல் வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றினாள். உப்பளத்தில் பிறந்து, பால்மீன் வளர்க்கும் கிம்சுவானுக்கு வாழ்க்கைப்பட்டு, கையெல்லாம் முள் குத்திய தழும்போடு இருப்பவள். கோபம் வந்தால் சந்தையே கேட்கும்படி திட்டுவாள். அழுகை மட்டும் அவளிடம் கிடையாது.

அவளுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. அழுகிய மீன் நாற்றம் ஆகாது. குடல் போடும் வாளியை மத்தியானம் வரை வைத்திருந்தால் போதும், முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவாள். மீன்காரிக்கு இப்படி ஒரு வயிறா என்று எல்லாரும் கேலி செய்வார்கள். முக்கால்வாசி நாள் அந்த வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுவது நான்தான்.

போன குளிர்காலம் குளிர்காலமாகவே இல்லை. டிசம்பர் கடைசி வரை மின்விசிறி ஓடியது. அப்புறம் திடீரென்று வடக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. பால்மீன் சூட்டுக்குப் பழகிய மீன். விடிந்து பார்த்தால் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. குளத்தின் ஆழப் பள்ளத்துக்குள் ஓடிப் பதுங்கிய பாதிதான் பிழைத்தது. கடல் உள்ளே வருகிறது என்று கரையை மறுபடி மறுபடி உயர்த்திக் கட்டிய ஊர் எங்களுடையது. பருவம் கெட்டுப்போனதை எங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் படம் எடுக்க ஆள் வந்தான். பூமியைக் காப்பாற்றப்போகும் ஏதோ ஒரு சங்கம் தலைநகர் தாய்ப்பேயிலிருந்து அனுப்பிய பையன். பெயர் யென். முழங்கால் வரை புதுசாக ரப்பர் பூட்ஸ். கிம்சுவான் செத்த மீனை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கக் கிளம்பியபோது குறுக்கே வந்து நின்றான்.

"மாமா, இன்னிக்கு வெளிச்சம் சரியில்ல. நாளைக்கு வெயில் வருமாம். அதுவரைக்கும் அப்படியே கெடக்கட்டும். நாடே பாக்கணும்ல?"

கிம்சுவானுக்கு வெளியூர்க்காரர்களிடம் முடியாது என்று சொல்ல வராது. தலையாட்டிவிட்டார்.

மறுநாள் வெயில் நன்றாகவே வந்தது. நான் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கரைக்கு இந்தப் பக்கமே மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. யென் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு, மீனைக் குச்சியால் தள்ளிக் குவியலாக்கிக்கொண்டிருந்தான். "அக்கா, சும்மா நடுவுல போய் நில்லுங்க" என்றான். அலூய் போய் நின்றாள். நின்ற வேகத்தில் ஒரு கையால் முகத்தைப் பொத்தி, குனிந்து, கண்ணில் நீர் வழிய ஓங்கரித்தாள். கேமரா படபடவென்று அடித்தது. நிமிர்ந்ததும் அவள் அவனைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. அதை அவன் எந்தப் படத்திலும் சேர்க்கவில்லை.

எங்கள் சந்திரப் புத்தாண்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தப் படம் எங்கள் சந்தைக்கு எதிரே, பஸ் நிறுத்தத்துச் சுவரில் வந்து ஏறியது. ஆள் உயரத்துக்கு மேல். கறுப்பு வெள்ளை. கீழே 'பூமிக்காக அழும் தாய், ஹோங் அலூய்' என்று எழுத்து. எனக்குக் குமட்டியது, மீன் இல்லாமலே.

பாதகர்கள், கலரிலாவது போட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் படத்தைப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில், பெயரோடு மாட்டினால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரண்டாம் நாளே காவ்சியுங்கிலிருந்து கிம்சுவானின் ஒன்றுவிட்ட சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். படத்தைப் பார்த்தார். பதறிப்போய் எதிர்க் கடையில் வெள்ளை உறை வாங்கி, துக்கப் பணம் வைத்து, நேரே வீட்டுக்குப் போய்விட்டார். கதவைத் திறந்தது அலூய். கிழவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ட்டேன்னு நெனச்சேன்டி."

"நான் எங்க போறது சித்தப்பா, மீன் விக்க வேண்டாமா? உள்ள வாங்க. அந்த உறைய மட்டும் வெளியவே வைங்க."

சிரிக்கலாம்தான். ஆனால் மீன் விற்கவில்லை. பிழைத்த பாதியைப் புத்தாண்டுக்குள் விற்றால்தான் அடுத்த வசந்தத்துக்குக் குஞ்சு மீன் வாங்கிக் குளத்தில் விட முடியும். இல்லாவிட்டால் குளம் சும்மா கிடக்கும். புத்தாண்டு முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழு மீன் இல்லாத வீடு கிடையாது. அந்த மீனைச் சாவுப் படம் மாட்டிய பெண்ணின் கையால் யார் வாங்குவார்கள்? வருஷக்கணக்காக அவளிடம் வாங்கியவர்கள் என் கடை வரைக்கும் வந்து, பணியாரம் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் போனார்கள். "செத்த மீனத்தான் விக்கிறாளாமே" என்று ஒருத்தி என் காதில் கிசுகிசுத்தாள். தொட்டியில் மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தது. இவர்களோடுதான் நான் இத்தனை வருஷம் சிரித்துப் பேசினேன் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

அலூய் யென்னுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"தம்பி, அதக் கழட்டு. இல்ல, வேற படம் போடு. நான் உயிர் மீனோட சிரிச்சிட்டு நிக்கிறேன். பருவம் கெட்டதப் பத்தி எவ்ளோ வேணா பேசறேன்."

"அக்கா, சிரிக்கிற படத்த யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. உங்க கண்ணீர் எத்தன பேரத் தொட்டிருக்கு தெரியுமா?"

"அது கண்ணீர் இல்லடா. வாந்தி."

அவன் குரலைத் தாழ்த்தி, "அது நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா" என்றான்.

அலூய் போனை வைத்தாள். என் கடை முக்காலியையும் பெயிண்டு கடையில் வாங்கிய சிவப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். எங்கள் ஊரில் புருஷன் செத்தால் கல்லறையில் பெண்டாட்டி பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். அவள் உயிரோடு இருக்கும்வரை அவள் பெயரில் சிவப்பு இருக்கும். அலூய் சுவரிலிருந்த தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சிவப்பாக்கினாள். மிஞ்சியதைப் படத்திலிருந்த கன்னத்தில் கல்யாணப் பெண்ணுக்குப் பூசுவது மாதிரி அப்பினாள்.

சந்தையே கூடிவிட்டது. முதலில் சிரித்தது பன்றிக்கறிக் கடைக்காரர். "யாருக்குப்பா கல்யாணம்?" என்றார். "எனக்குத்தான், வந்து மீன் வாங்கு" என்றாள் அலூய். வாங்கினார். அவர் பின்னால் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர் என்று வந்தார்கள். மத்தியானத்துக்குள் தொட்டியில் பாதி காலி.

யாரோ இதைப் படம் பிடித்து யென்னுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மறுநாளே வந்துவிட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று அலூய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் பளபளத்தது.

"அக்கா, ரத்தம் மாதிரி இருக்கு. பிரமாதம். அதுக்குக் கீழ போய் நில்லுங்க. சிரிக்காதீங்க."

அலூய் திரும்பிக் கடைக்குள் போனாள். முந்தின நாள் வியாபாரத்தில் கொட்ட மறந்துபோன குடல் வாளி மூலையில் மூடிக் கிடந்தது. அதை இழுத்து வந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்து, அவனுடைய புது ரப்பர் பூட்ஸைச் சுற்றி நிதானமாகக் கொட்டினாள்.

இந்த முறை அவனிடம் முகமூடி இல்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்தி, குனிந்து, கண்ணில் நீர் வழிய ஓங்கரித்தான். அப்படியே, அச்சாக, அவளை மாதிரியே. நான் போனை எடுத்து ஒன்றே ஒன்று பிடித்துக்கொண்டேன்.

புத்தாண்டுக்குள் தொட்டி காலியானது. வசந்தத்தில் குளத்தில் குஞ்சு விட்டாயிற்று. யென்னின் படம் இப்போது என் கடையில், பணியாரச் சட்டிக்கு மேலே தொங்குகிறது. அடியில் 'பூமிக்காக அழும் மகன்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கலர்ப் படம்தான். உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கறுப்பு வெள்ளையில் மாட்டும் அளவுக்கு நாங்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை.