இருபது நிமிடம் கொதித்த தண்ணீர்

பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, வீட்டு எண்ணை எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தாள் என் தங்கை மகள். அன்றைக்கு அது பதினான்காவது கிணறு. தெருவில் அவளுக்குப் பெயரே 'பாட்டில்'தான்.

நிலத்தடி நீர் அலுவலகத்துக்காக மூன்று வருடமாக இதே வேலை. கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று டேப் பிடிப்பாள், ஐம்பது அடியாவது வேண்டும். பிறகு தண்ணீரில் கழிவிலிருந்து ஊறிய நைட்ரேட் உப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். "பாட்டில் வந்துட்டா, இனி நம்ம கக்கூஸை எண்ணாம போகமாட்டா" என்று அவள் காதுபடவே பேசுவார்கள். தொட்டி எங்கே என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் தொட்டிக்கு அடித்தளமே கிடையாது, வெறும் மண்.

தெரு சரிவானது. மேல் வீட்டுக் கிணற்றில் லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் இருந்த அளவு, இறங்க இறங்கக் கூடி, கடைசி வீட்டில் எண்பத்தெட்டு. ஐம்பதைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் உடம்பு நீலம் பூக்கும். அறிக்கை முடியும்வரை யாரிடமும் எண்ணைச் சொல்லக் கூடாது என்பது அலுவலக உத்தரவு. அறிக்கையோ இரண்டு வருடமாக மேஜை மாறிக்கொண்டிருக்கிறது.

கடைசி வீட்டு மெக்கானிக்குக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். புட்டிப்பால்தான். உத்தரவைத் தூக்கி எறிந்துவிட்டு இவள் அவனிடம் எண்ணைச் சொல்லிவிட்டாள்.

"பாப்பாவுக்குப் பச்சைத் தண்ணி குடுப்பேனாக்கா? கடிகாரத்தைப் பாத்து இருபது நிமிஷம் கொதிக்க வெக்கிறேன்."

கொதித்தால் கிருமி சாகும், இது சாகாது, தண்ணீர் ஆவியாகி இது அப்படியே தங்கும் என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் பாத்திரத்திலேயே, அவன் அடுப்பிலேயே கொதிக்க வைக்கச் சொன்னாள். கொதிக்கும் முன்னால் ஒரு சோதனைக் காகிதம் நனைத்தாள், கொதித்த பின்னால் ஒன்று. சிவப்பு ஏற ஏற நைட்ரேட் அதிகம். முதலாவது இளஞ்சிவப்பு. இரண்டாவது நல்ல அடர்சிவப்பு.

இரண்டையும் வெளிச்சத்தில் மாறிமாறிப் பிடித்துப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ நான்தான் இத்தனை நாளா..."

அவள் எனக்குப் போன் போட்டாள். குழந்தை பார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவள் நான். உதட்டையும் நகத்தையும் பார்க்கச் சொன்னேன். நல்ல ரோஸ் நிறம் என்றாள். அவன் அழுதது போதும், இன்றே டாக்டரிடம் காட்டச் சொல், அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாலில் கலக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். ரத்தம் சரியாக இருக்கிறது என்று சாயங்காலம் டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, மெக்கானிக் இரண்டு கேன்களோடு மேல் வீட்டுக் கிணற்றடியில் நின்றான். மூன்றாம் வீட்டில் புதுத் தொட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கும் அடியில் சிமெண்ட் கிடையாதாம். 'பாட்டில்' தன் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தாள், மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேப்பின் மறுமுனையைக் கையில் கொடுத்தாள், குழியிலிருந்து அடுத்த கிணறு வரை அளந்து எழுதிக்கொண்டாள். இருபத்தோரு அடி.