தாழ்ப்பாள் வெளியே இருந்தது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தக் கதவைத் திறந்தது என் கை. எனக்கு அது போதும்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒரே மூச்சில் மூன்று பேரைத் திட்டக்கூடியவள். முதியோர் இல்லத்தில் சேர்த்த இரண்டாம் மாதமே பேச்சு நின்றுவிட்டது. எப்போது போனாலும் தூக்கம். தோளைப் பிடித்து உலுக்கினாலும் கண் திறக்கமாட்டாள். பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவும் அப்படித்தான், வாயைத் திறந்தபடி.

நர்ஸிடம் கேட்டேன்.

"எழுந்து எழுந்து நடக்கிறாங்க. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? அதான் பால்ல தூக்க மாத்திரை கலந்து தர்றோம்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பாங்க. உங்க அண்ணன் சரின்னுட்டாரு."

அண்ணன் போனை எடுக்கவில்லை. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். யாரிடம் போய்க் கெஞ்சுவது? அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஆறேகால். பால் டம்ளரை வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டார்.

டொக்.

பாத்ரூம் கதவு.

டொக்... டொக்...

உள்ளே இருந்து தட்டுகிறார்கள். ஆனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது.

"யாரு?"

"நான்தான்டி. திற."

அம்மாவின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கட்டிலில்தான் கிடந்தாள். உதடு அசையவில்லை.

"சீக்கிரம்டி... மூச்சு முட்டுது..."

தாழ்ப்பாளை இழுத்தேன்.

இருட்டு. யாரும் இல்லை. ஈரமாக ஏதோ என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

அதன் பின்னால்... இன்னொரு மூச்சு. மிக அருகில்.

கதவை அறைந்து சாத்தினேன்.

தாழ் போட்டேன்.

டொக்.

பாலைக் கொட்டினேன். யார் தடுத்தும் கேட்கவில்லை. அப்போதே அம்மாவைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேறு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அம்மா என்னை நேராகப் பார்த்தாள்.

"திறந்தே, சரி. உடனே ஏன்டி சாத்தினே? எனக்குப் பின்னாடியே டீச்சர் வந்தாங்க."

இல்லத்துக்குப் போன் செய்து டீச்சரம்மாவைப் பற்றி விசாரித்தேன்.

அதே நர்ஸ்தான் எடுத்தார்.

"நீங்க உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே... தூக்கத்துலயே போயிட்டாங்க."

"ஓ..."

"ஒண்ணுதான் புரியல. அவங்க கட்டிலை விட்டு எழுந்தே பல நாளாச்சு. ஆனா பத்து விரல்லயும் நகம் பேந்திருந்துச்சு."