யார் சொன்னார் என்று எழுதாத நிருபர்

வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் ஹெஸ்டர் லம்ஸ்டன் சலவைக்கூடத்திலிருந்து கிளம்பி, தெருமுனைக் கடையில் வார இதழை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். இஸ்திரி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, அந்த இதழின் நிருபரான தம்பி லான்ஸ் எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

அந்தப் பத்திரிகையில் செய்திக்குக் கீழே பெயர் போடும் வழக்கம் இல்லை. ஆனாலும் லான்ஸ் எழுதியது எது என்று அவளுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தேவாலயத் திருவிழாவில் தொப்பலாக நனைந்து வந்து அடுப்பின் முன் கோட்டை உலர்த்தியவன், "மாலையில் மழை பெய்ததாகத் தெரிகிறது" என்று எழுதியிருப்பான்.

"உன் தம்பிக்குத் தெரியலையாமா, நனைஞ்சது மழையிலதான்னு?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"படிச்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க" என்பாள் ஹெஸ்டர். வீட்டுக்குப் போய் அளவுகோல் வைத்து அந்தச் செய்தியைக் கத்தரித்து, மாவுப்பசை தடவி, நோட்டில் ஒட்டித் தேதி எழுதுவாள். பதினோரு வருடத்தில் ஏழு நோட்டுகள் நிறைந்திருந்தன. ஒரு துண்டுகூடக் கோணலாக இருக்காது.

லான்ஸ் பிறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அப்பா அவர்கள் ஊரான கிரேஹோப்பின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். தம்பியாவது மேல்படிப்புக்குப் போகட்டும் என்று ஹெஸ்டர் பதினாலு வயதில் பள்ளியை விட்டுச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அவன் சின்ன வயதிலேயே அப்படித்தான். அம்மாவின் பால் ஜாடியைப் போட்டு உடைத்துவிட்டு, "அக்கா, ஜாடி உடைஞ்சிருக்கு போலிருக்கு" என்று வந்து நிற்பான். அவன் கையில் ஜாடியின் காது மட்டும் இருக்கும்.

அந்தக் குணத்துக்கு மெருகு போட்டவர் பத்திரிகை ஆசிரியர் ஃபென்விக். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கறிக்கடைக்காரரின் நாய் தபால்காரரைக் கடித்தது என்று லான்ஸ் நேராக எழுதிவிட்டான். வெட்டுக்கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் கறிக்கடைக்காரர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவர் போனதும் ஃபென்விக் சொன்னார்: "தம்பி, 'கடித்தது'ன்னு எழுதாதே. 'கடித்ததாகச் சொல்லப்படுகிறது'ன்னு எழுது. அதுக்கப்புறம் யாரும் உன்னைத் தேடி வர மாட்டான். வந்தாலும் நீ வீட்ல இருக்க மாட்டே." அன்றிலிருந்து லான்ஸ் எழுதிய எதற்குள்ளும் லான்ஸ் இல்லை.

1957 செப்டம்பரில் தொழிலாளர் மன்றத்தில், வெங்காய இனத்துத் தடித்த தண்டுக் காயான லீக்ஸை யார் பெரிதாக வளர்த்தார் என்று பார்க்கும் போட்டி நடந்தது. கிரேஹோப்பில் ஓர் ஆண்பிள்ளை பெண்டாட்டியின் பிறந்தநாளை மறப்பான், தன் லீக்ஸுக்கு எந்தக் கிழமை என்ன உரம் போட்டான் என்பதை மறக்க மாட்டான். பதினாலு வருடம் இரண்டாம் இடத்திலேயே நின்ற செப் ஹிண்ட்மார்ஷ், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை, அந்த வருடம் முதலிடம் பெற்றார். அவருடைய லீக்ஸ் ஒவ்வொன்றும் குழந்தையின் தொடை தடிமன் இருந்தது. பரிசு, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி.

அந்த வியாழக்கிழமை லான்ஸ் எழுதிய செய்தியின் கடைசி வரி இது: "வென்ற லீக்ஸ் போட்டியாளரின் சொந்த மண்ணில் விளைந்தவைதாமா என்ற ஐயம் சில வட்டாரங்களில் எழுந்திருப்பதாக அறியப்படுகிறது."

ஹெஸ்டர் அதையும் வாசித்தாள், அதையும் ஒட்டினாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் செப் வழக்கம்போல் தன் ஒரே வெள்ளைச் சட்டையை வெளுக்கக் கொண்டுவந்தார். சட்டையோடு பத்திரிகையையும் மேசைமேல் வைத்தார்.

"ஹெஸ்டர், இந்த 'சில வட்டாரம்' எங்க குடியிருக்குன்னு உன் தம்பியைக் கேட்டுச் சொல்றியா? நேர்ல போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வார சனிக்கிழமை மன்றக் குழு கூடுகிறது. வேறு ஊர் லீக்ஸைக் கொண்டுவந்தார் என்று முடிவானால் பரிசு போகும், ஆயுசுக்கும் போட்டியில் இடமில்லை. பாத்தியைக் காட்டி நிரூபிக்கவும் வழியில்லை. லீக்ஸைத் தோண்டிய கையோடு செப் பாத்தியைக் கொத்தி எருப் போட்டுவிட்டார். அலமாரி மன்றத்துக் கூடத்திலேயே போர்வை போர்த்தி நின்றது.

அன்று இரவு உணவின்போது ஹெஸ்டர் தம்பியைப் பிடித்தாள்.

"செப் மேல நான் என்ன குத்தம் சொன்னேன்? நல்லாப் படிச்சுப் பாருக்கா. நான் எதுவுமே சொல்லலை."

"நீ சொல்லலை, சரி. அப்ப யாருடா சொன்னது?"

"அது... பொதுவா ஒரு பேச்சு. விடுக்கா, அடுத்த வாரம் மறுப்புப் போட்டுடறேன்."

மறுப்பு வந்தது. "திரு. ஹிண்ட்மார்ஷ் தம் லீக்ஸை ஸ்டான்வெல் ஊரிலிருந்து குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார் என்று எவ்விதத்திலும் கருதப்படவில்லை."

முதல் வாரம் விவரம் தெரியாமல் இருந்தவர்களுக்கும் இப்போது ஊர், வண்டி எல்லாம் தெரிந்துவிட்டது. "ஸ்டான்வெல்லா? அவர் அக்கா மக அங்கதானே இருக்கா" என்றாள் இஸ்திரி போடும் ஒருத்தி. "குழந்தை வண்டியிலயா? கில்லாடிதான் போ" என்றாள் இன்னொருத்தி. குழந்தை வண்டி என்ற வார்த்தை ஹெஸ்டரை எங்கோ உறுத்தியது. எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள். மாலையில் ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமுமாகக் கிளம்பினாள். வற்புறுத்திக் கேட்டதில், மன்றத்தில் பீர் ஊற்றும் ஜாஸ் சொன்னான் என்று லான்ஸ் ஒப்புக்கொண்டான். காகிதத்தில் ஜாஸ் என்று எழுதினாள். ஜாஸ் தன் மனைவி ஆலிவைக் காட்டினான். ஆலிவ் என்று எழுதினாள். ஆலிவ் முடி சுருட்டும் கடை வைத்திருந்தாள்.

"யார் சொன்னதுன்னு என்னையா கேக்கறே?" என்றாள் ஆலிவ். "போட்டியன்னிக்குக் காலையில இதே நாற்காலியில தலை நிறைய கிளிப்போட யாருடி உக்காந்திருந்தா?"

ஹெஸ்டர் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜன்னல் வழியா செப் குழந்தை வண்டியைத் தள்ளிட்டுப் போறதைப் பாத்தே. 'பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன், ஸ்டான்வெல் பஸ்ஸுலேர்ந்து வண்டியோட இறங்கறாரு. அங்கேர்ந்து லீக்ஸைத் தாலாட்டிக் கூட்டிட்டு வர்றாரோ என்னவோ'ன்னே. கடையே சிரிச்சுது. நானும் நல்ல பேச்சாச்சேன்னு ஜாஸ்கிட்ட சொன்னேன்."

காகிதத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் எழுத வேண்டியிருந்தது. ஹெஸ்டர் தெளிவாகத் தன் பெயரை எழுதி, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெளுத்த சட்டையை அவளே செப் வீட்டுக்கு எடுத்துப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். செப் சட்டையை வாங்கிக் கதவுப் பிடியில் மாட்டினார்.

"வண்டி காலியாத்தான் வந்துது, கண்ணு. அக்கா மககிட்ட இரவல் வாங்கினேன். ஸ்பிரிங் வச்ச வண்டி. தோட்டத்துலேர்ந்து மன்றத்துக்குப் போற வழியெல்லாம் குழி. லீக்ஸ் குலுங்கினா தோல் கீறிடும்." பிறகு, "தாலாட்டுன்னு சொன்னியே, அதுல தப்பில்லை. வழியெல்லாம் பாடிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

மன்றக் குழு கூடும் அறைக்குள் பெண்கள் போக முடியாது. எனவே ஹெஸ்டர் ஒரு கடிதம் எழுதினாள். நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை லான்ஸ் கையில் கொடுத்தாள்.

"அக்கா, உன் பேரு ஊர் பூரா நாறிடும். 'ஒரு தவறான புரிதல் நேர்ந்திருக்கலாம்'னு நான் அழகா..."

"கைவைக்காதே. எழுதினதைப் படி."

சனிக்கிழமை அவள் மன்றத்துச் சமையலறையில் நின்றுகொண்டாள். குழு அறைக்கு பீர் எடுத்துக் கொடுக்கும் சின்ன ஜன்னல் அங்கேதான் இருந்தது. உள்ளே லான்ஸ் தொண்டையைச் செருமினான்.

"விளையாட்டாகச் சில வார்த்தைகள் பேசப்பட்டிருக்கலாம் என்று ஓர் உள்ளூர்ப் பெண்மணி கருதுவதாக..."

ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. பீர்க் குவளைகளுக்கு நடுவே ஹெஸ்டரின் தலை தெரிந்தது.

"லான்ஸ், உன் கையில இருக்கறதைப் படிடா."

மன்றத்தின் வரலாற்றில் அந்த அறைக்குள் ஒரு பெண் குரல் கேட்டது அதுவே முதல் முறை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. லான்ஸ் காது சிவக்கப் படித்தான்:

"நான் ஹெஸ்டர் லம்ஸ்டன். செப் ஹிண்ட்மார்ஷ் ஸ்டான்வெல்லிலிருந்து லீக்ஸ் கொண்டுவந்தார் என்று முதலில் சொன்னவள் நான். சிரிப்பதற்காகச் சொன்னேன். வண்டியைத்தான் பார்த்தேன், லீக்ஸைப் பார்க்கவில்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் எழுந்து தங்கள் பெயரைச் சொல்லட்டும்."

குழுத் தலைவர் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேர் இருந்த அறையில் ஒருவரும் எழவில்லை. இரண்டு வாரமாக ஊர் முழுக்க உலவிய அந்தச் 'சில வட்டாரம்' ஒரு நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

லான்ஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தான். கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"இன்னொண்ணு" என்றான். "அதை நான்தான் பத்திரிகையில எழுதினேன். விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிச்சுடுங்க, செப்."

ஜன்னலில் ஹெஸ்டர் மூக்கைச் சிந்திக்கொண்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாள். சமையலறையில் அன்று வெங்காயமே இல்லை என்று ஜாஸ் சொன்னான்.

அலமாரி அன்றே செப் வீட்டுக்குப் போனது. வாசற்படி குறுகல் என்பதால் ஜன்னலைக் கழற்றி உள்ளே ஏற்றினார்கள், லான்ஸும் ஒரு கை கொடுத்தான்.

அடுத்த வியாழக்கிழமை இதழில் லான்ஸ் எழுதிய மன்னிப்பு வந்தது. "இந்த ஆபீஸ்ல 'நான்'ங்கற வார்த்தையை அச்சுக் கோத்து எத்தனை வருஷமாச்சுன்னு தெரியுமா?" என்று ஃபென்விக் முணுமுணுத்துவிட்டுத்தான் அனுமதித்தாராம். கீழே லான்ஸ் லம்ஸ்டன் என்று பெயரும் இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறை. ஹெஸ்டர் அதைச் சலவைக்கூடத்தில் இரண்டு தடவை வாசித்தாள். நோட்டில் முதல் செய்தியையும் மறுப்பையும் கிழிக்காமல் விட்டு, அவற்றுக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்கு வந்த லீக்ஸையெல்லாம் ஒன்றாக நறுக்கிக் காய்ச்சிய சூப்பைக் குடும்பம் குடும்பமாக மன்றத்துக் கூடத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். செப் தன் லீக்ஸைத் தானே நறுக்கினார், யாரையும் தொட விடவில்லை. ஹெஸ்டர் கிண்ணத்தில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றி, "தாலாட்டி வளத்த பிள்ளை, மெதுவாக் குடி" என்றார்.

அதைப் பற்றியும் லான்ஸ் எழுதினான். செய்தியின் கடைசி வரி: "சூப் சுவையாக இருந்ததாகக் கூறப்படுகிறது."

ஹெஸ்டர் அதைக் கத்தரித்து ஒட்டினாள். பிறகு பென்சிலைச் சீவி, ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: "மூன்று கிண்ணம் குடித்தான். நான் பார்த்தேன். ஹெஸ்டர் லம்ஸ்டன்."